ஆற்றங்கரையில் கேட்ட குரல்

என் கணவர் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். என் தம்பி ஆரம்பிக்கவே மாட்டான். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கணவர் ஒரு காலத்தில் மலையேற வருகிறவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தவர். காடு, ஆறு, கூடாரம், தூண்டில், இவைதான் அவருக்குக் குடும்பம். எப்போதாவது வீட்டுக்கு வந்து துணி மாற்றிக்கொண்டு போவார். ஊரில் அவருக்குக் காட்டுப்பூனை என்று பெயர். அந்தக் காட்டுப்பூனை ஒரு நாள் ஆற்றில் விழுந்து, செத்துப் பிழைத்து, மேடையேறிப் பிரசங்கம் செய்யும் சுவிசேஷகராகி, புத்தகம் வேறு எழுத ஆரம்பித்தபோது ஊரே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். ஆனால் மனுஷன் குடியை விட்டார். சாயங்காலம் ஆனால் வீட்டுக்கு வந்தார். என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார். அப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது.

பழைய பழக்கங்கள் மட்டும் போகவில்லை. மைதானத்தில் ஜெபக்கூட்டம் என்றால் முதலில் ஒரு பிடி மண்ணை எடுத்துத் தூவிப் பார்ப்பார். காற்று எந்தப் பக்கம் போகிறதோ அதைப் பார்த்துத்தான் மேடை. வேதப்புத்தகத்தில் அடையாளத்துக்குத் தூண்டில் நூல். அச்சகத்திலிருந்து பிழை திருத்த வரும் தாள்களை மாடியில் துணிக்கொடியில் கிளிப் போட்டு மாட்டி, கொடி நெடுக நடந்துகொண்டே படிப்பார். உட்கார்ந்தால் தூக்கம் வருகிறதாம். ஈரத்துணியை நான் எங்கே காயப்போடுவது என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

அவரிடம் எனக்கு ரொம்பப் பிடித்த குணம் ஒன்று உண்டு. காட்டில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகும்போது பாதை தவறிவிட்டால் மற்ற வழிகாட்டிகள் காட்டிக்கொள்ளமாட்டார்கள், சமாளித்துக்கொண்டே நடப்பார்கள். இவர் அங்கேயே நின்று, கையைத் தூக்கி, "தப்பா வந்துட்டேன், திரும்புங்க" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்வார்.

ஆற்றில் விழுந்த கதைக்கு வருகிறேன். அப்போது என் தம்பியும் அவரோடு ரப்பர் படகு ஓட்டிக்கொண்டிருந்தான். வெள்ளத்தில் படகு கவிழ்ந்தது. தம்பி எப்படியோ கரையேறி, கயிறு வீசி, இவரை இழுத்துப் போட்டான். ஆண்டவர் தன்னைக் காப்பாற்றிய கதையை மேடையில் இவர் சாட்சியாகச் சொல்ல ஆரம்பித்த புதிதில் "என் மச்சான் கயிறு போட்டான்" என்றுதான் சொன்னார். கூட்டம் நடத்துகிறவர்கள் நேரத்தைக் குறைக்கக் குறைக்க மச்சான் நண்பரானான், நண்பர் யாரோ ஒருவர் ஆனார், கடைசியில் கயிறும் போய்விட்டது. "'ஆண்டவரே!' என்று கத்தினேன், கடவுளின் கை என்னைத் தூக்கியது" என்பது மட்டும் மிஞ்சியது. அந்த இடத்தில் ஜனங்கள் அழுதுவிடுவார்கள்.

என் தம்பி இப்போது படகு எஞ்சின் மெக்கானிக். ஊமைக்கோட்டான் என்றால்தான் ஊரில் தெரியும். ஜெபக்கூட்டம் என்றால் அந்தத் தெருவையே சுற்றிக்கொண்டு போவான். ஒரு தடவை ஜெனரேட்டர் பழுதென்று மைதானத்துக்குக் கூப்பிட்டார்கள். வேலையை முடித்துவிட்டு நின்றவன் இவர் சாட்சியைக் கேட்டான். பாதியிலேயே, ஸ்பேனரைக்கூட எடுக்காமல், விறுவிறுவென்று வெளியே போய்விட்டான். அன்றிலிருந்து எங்கள் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. தெருவில் பார்த்தாலும் "வேலை இருக்குக்கா" என்று நழுவிவிடுவான். கூடப் பிறந்தவன் என்று எனக்கு இருப்பது அவன் ஒருவன்தான்.

இந்த நிலைமையில்தான் இவர் தன் வாழ்க்கைக் கதையையே புத்தகமாக எழுதி முடித்தார். தாள்கள் கொடியில் தொங்கின. ஆற்று அத்தியாயத்தைப் படித்துப் பார்த்தேன். தம்பி பெயருக்குக்கூட இல்லை.

"அவன் இல்லாம இது அச்சுக்குப் போகக் கூடாது" என்றேன்.

"மனுஷனைப் பெருமைப்படுத்தினா மகிமை யாருக்குப் போகும்?"

"மகிமை ஆண்டவருக்கே இருக்கட்டும். கயிறு என் தம்பியோடது."

அவர் ஒரு பென்சிலை எடுத்து ஓரத்தில் எழுத ஆரம்பித்தார். கயிறு வந்தது, மச்சான் வந்தான், அவன் உள்ளங்கைத் தோல் உரிந்தது வந்தது. படித்துவிட்டு எனக்கே கண் கலங்கிவிட்டது.

இனி அவனை வரவழைக்க வேண்டும். தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று சொல்லி அனுப்பினேன். வந்தான். மோட்டாரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"அக்கா, ப்ளக்கையே மாட்டல."

"அது கிடக்கட்டும். மாடிக்கு வா."

இவர் தாளைக் கழற்றிக் கொடுத்தார். கிரீஸ் படாமல் இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, தம்பி உதட்டை அசைத்து அசைத்துப் படித்தான். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"தப்பா இருக்கு மாமா."

"எது, கயிறா?"

"கயிறு சரி. நீங்க ஆண்டவரேன்னு கத்தல."

"என்ன மச்சான் சொல்ற? எனக்கு இன்னும் காதுலயே இருக்கு!"

"நீங்க என்னைத் திட்டிட்டு இருந்தீங்க. இழுடா நாயேன்னு ஆரம்பிச்சு... அக்கா இருக்கு, மிச்சத்தைச் சொல்ல வேணாம். கரையில கொண்டுவந்து போட்டேன், மூச்சு இல்ல. அப்பதான்..." அவன் தரையைப் பார்த்தான். "ஆண்டவரே, ஆண்டவரேன்னு கத்தினது நான். வேற என்ன கத்தறதுன்னு தெரியல. கத்திக்கிட்டே நெஞ்சை அமுக்கினேன். நீங்க கண்ணு முழிச்சீங்க."

அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

"அப்ப ஏன்டா வீட்டுக்கு வராம இருந்த? உன் பேரைச் சொல்லலன்னு கோவமில்லையா?" என்று கேட்டேன்.

"எனக்கெதுக்குக்கா பேரு? பக்கத்துல இருந்தா என்னிக்காவது வாய் தவறி உளறிடுவேனோன்னு பயம். மாமா பொழப்பே அந்த ஒரு சத்தத்துல நிக்குது."

வாயே திறக்காதவன், வாய் தவறிவிடும் என்று பயந்து எங்களை விட்டு ஒதுங்கி இருந்திருக்கிறான். நானோ அவனைக் கோபக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இவர் கொடியைப் பிடித்தபடி நின்றார். தாள்கள் காற்றில் படபடத்தன. "கண்ணு முழிக்கிறப்ப அந்தக் குரல் கேட்டுது. என் குரல்னே நினைச்சேன்" என்றார் மெதுவாக. "அதை நம்பித்தான் இவ்வளவு தூரம் வந்தேன்."

"விடுங்க மாமா. அப்படியே இருக்கட்டும். யாருக்குத் தெரியப் போவுது?"

எனக்கும் பயம்தான். ஜனங்கள் சிரித்தால்? இத்தனை காலம் பொய் சொன்னான் என்றால்? யாரும் கூட்டத்துக்குக் கூப்பிடாமல் போய், இவர் பழையபடி குடிக்குத் திரும்பினால்? அதற்குத்தான் பயந்தேன், வேறெதற்கும் இல்லை. இருந்தாலும் நான் தடுக்கவில்லை. இவர் அந்த அத்தியாயத்தின் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். புதிதாக எழுத, வழக்கத்துக்கு மாறாக, உட்கார்ந்தார்.

புத்தக வெளியீட்டன்று மண்டபம் நிறைந்திருந்தது. தம்பி கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், ஓடுவதற்குத் தோதாக உட்கார்ந்திருந்தான். இவர் மேடையேறினார். கூரைக்குக் கீழே காற்று பார்க்க மண் இல்லை, கையைப் பிசைந்துகொண்டார். பிறகு கையைத் தூக்கினார்.

"தப்பா வந்துட்டேன், திரும்புங்க" என்றார்.

எனக்கும் தம்பிக்கும் மட்டும்தான் அது புரிந்தது. எனக்கு இருந்த பயம் அந்த நிமிடமே போய்விட்டது. இவர் எல்லாவற்றையும் சொன்னார். திட்டியதைச் சொன்னபோது மண்டபம் சிரித்தது. மூத்த போதகர் ஒருவர் முகத்தைச் சுளித்தார். கரையில் கத்தியது யார் என்று சொன்னபோது சிரிப்பு நின்று, எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின.

"நான் ஊர் ஊராப் போய் ஆண்டவரைச் சொன்னேன். எனக்கு அவரைச் சொன்னது கூட்டத்துக்கே வராத என் மச்சான்" என்றவருக்குக் குரல் உடைந்தது. "மச்சான், அன்னைக்குக் கத்தின மாதிரி இன்னொரு தடவை கூப்பிடு. நாங்க எல்லாரும் ஆமென் சொல்றோம்."

தம்பி எழுந்தான். காது வரைக்கும் சிவந்திருந்தான்.

"முதல்ல யாராவது முழுகட்டும் மாமா. அப்புறம் கத்தறேன்."

மண்டபமே வெடித்துச் சிரித்தது. சுளித்த போதகர்கூடக் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது என் கணவர்தான், கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

அன்று ராத்திரி தம்பி எங்களோடு வீட்டுக்கு வந்தான். நேராகக் கொல்லைக்குப் போய், மோட்டார் ப்ளக் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து, சாப்பிட உட்கார்ந்தான்.