டார்லாவை வாங்கியவர்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊரே டார்லாவிடம் அன்பாக இருந்தது. அதுதான் அவளுக்குச் சரியாகப் படவில்லை.

பியூட் என்ற அந்தச் சுரங்க நகரத்துக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் காரணமில்லாமல் குழைகிறவர்களும் இல்லை. காலணிப் பனியை உதறிவிட்டு அவள் மதுக்கடைக்குள் நுழைந்ததும், கடைக்காரன் டக் ஒரு கோப்பை காபியை முன்னால் நகர்த்திவிட்டுக் காசு வேண்டாம் என்றான்.

"இன்னிக்கு நீ காசை வெளியவே எடுக்கக் கூடாது, டார்லா" என்று கண்ணடித்தான். டக் பெற்ற தாய்க்கே தண்ணீருக்கு விலை சொல்கிறவன்.

வீட்டுக்காரர் யோவிச் எழுந்து வந்து அவள் கோட்டை வாங்கி ஆணியில் மாட்டினார். வாடகை இரண்டு நாள் தள்ளிப்போனால் கதவை உடைப்பதுபோல் தட்டுகிற மனுஷன். "நல்லாத் தூங்கினியாம்மா? சாப்ட்டியா?" என்று விசாரித்தார். தேவாலயப் பாட்டுக் குழுவின் பெண்மணிகள் மூன்று பேர், சீட்டாட்டத்தைப் பிசாசின் வேலை என்று சொல்கிறவர்கள், ஓரத்து மேசையில் உட்கார்ந்து அவளுக்குக் கையசைத்தார்கள். ஒரு தட்டில் சுடச்சுட இறைச்சிப் பணியாரம், மேலே குழம்பு ஊற்றி, யார் சொன்னார்கள் என்று தெரியாமல் அவள் முன்னால் வந்தது.

பாதி சாப்பிட்டுவிட்டு நகர்த்தி வைத்தாள்.

டார்லா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள். ஞாயிறுதோறும் ஏதாவது ஒரு மதுக்கடையில் நடக்கும் போக்கர் போட்டியில் ஆடுவாள். வீட்டுக் காசு வேறு, சீட்டுக் காசு வேறு என்பது அவள் சட்டம். சம்பளம் வாடகைக்கும் மளிகைக்கும். சீட்டுக் காசு பிஸ்கட் டப்பாவில் இருக்கும். அதில் இருந்தால் ஆடுவாள், இல்லையென்றால் வீட்டில் துணி துவைப்பாள். டப்பா நிரம்பினால் பிள்ளைக்குக் காலணியோ வண்டிக்கு டயரோ வரும். ஒரு சீட்டை ஒளித்தாள், ஒரு பந்தய வில்லையைக் கூட்டி எண்ணினாள் என்று இந்த ஊரில் ஒரு நாக்கு சொல்லாது. அவளுக்கு இருந்த சொத்து அந்தப் பெயர் ஒன்றுதான், அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

புருஷன் வெஸ் சுரங்கத்தில் லாரி ஓட்டியவன். தோள் விலகி, இலையுதிர் காலத்திலிருந்து வீட்டோடு இருக்கிறான். இழப்பீட்டு அலுவலகத்திலிருந்து கடிதம்தான் வந்ததே தவிர காசு வரவில்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இழுத்துப் பிடித்தும் கிறிஸ்துமஸ் கழிந்தபோது கொல்லையில் எரிவாயுத் தொட்டி அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. பழைய பாக்கி நானூற்றறுபது டாலரைத் தீர்க்காமல் லாரி அனுப்ப மாட்டோம் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அந்தக் குளிரில் வீட்டைச் சூடாக்கும் அடுப்பு அணைந்தால் முதலில் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும், அப்புறம் மனிதர்கள். ஒருநாள் அவள் வேலை முடிந்து வந்தபோது தொட்டி நிரம்பியிருந்தது. பழைய ரம்பத்தை விற்றேன் என்றான் வெஸ். துருப்பிடித்த ரம்பத்தை எந்தப் புண்ணியவான் அந்த விலைக்கு வாங்கினான் என்று அவள் கேட்கவில்லை. வீடு கதகதப்பாக இருக்கும்போது கேள்வி எழுவதில்லை.

இன்றைய போட்டிதான் குளிர்காலத்தின் பெரிய போட்டி. நுழைவுக் கட்டணம் நூற்றைம்பது; முப்பத்தாறு பேர். முதல் மூன்று இடங்களுக்கு மட்டும் பரிசு: மூவாயிரம், ஆயிரத்து அறுநூறு, எண்ணூறு. வருஷா வருஷம் இதில் டார்லா ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ வெளியேறுவாள். இந்த முறை சீட்டு அவள் பேச்சைக் கேட்டது. சாயங்காலம் நெருங்கும்போது நான்கே பேர் மிஞ்சியிருந்தார்கள், அவள் இரண்டாவது பெரிய வில்லைக் குவியலோடு உட்கார்ந்திருந்தாள். முதல் குவியல், டில்லன் ஊர்ப் பக்கத்து மாட்டு வியாபாரி பிரைஸிடம். ஒவ்வொரு முறை அவள் ஜெயித்தபோதும் மதுக்கடை முழுவதும் கைதட்டியது, பாட்டுக் குழுவும் சேர்த்து. சுவரோரம் நின்ற வெஸ் மட்டும் தட்டவில்லை. அவன் முகம் வெளுத்துக்கொண்டே போனதை அவள் இரண்டு முறை பார்த்தாள்.

கால்மணி நேரம் இடைவேளை என்று டக் மணியடித்தான். சமையலறையில் அவளோடு தட்டுக் கழுவும் ட்ரூடி ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"அடியே, சொல்லக் கூடாதுன்னு வெஸ் சத்தியம் வாங்கிட்டான். ஆனா எனக்கு வாய் நிக்கல. உன்மேல பத்துப் பங்கு எனக்கு இருக்கு! மூவாயிரம் வந்தா முந்நூறுடி எனக்கு. பல் டாக்டருக்குக் கட்டிருவேன்!"

போக்கர் ஆடுகிறவர்களிடம் அப்படி ஒரு வழக்கம் உண்டு. ஆடுகிறவரை நூறு பங்காக வைத்து, பிறர் ஆளுக்குச் சில பங்கு வாங்கிக்கொள்வார்கள். பரிசு வந்தால் அந்தக் கணக்கில் பிரித்துத் தர வேண்டும். தோற்றால் போட்டது போச்சு, யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். ஆட்டம் முடியும்வரை ஆடுகிறவரிடம் அதைப் பேசக் கூடாது, பேசினால் ராசி போய்விடும் என்பதும் அங்கே எல்லோருடைய நம்பிக்கை. டார்லா தன்னை ஒருநாளும் விற்றதில்லை.

"வேற யாரெல்லாம் வாங்கினாங்க, ட்ரூடி?"

"டக் முப்பது. யோவிச் கெழவன் இருபத்தஞ்சு, பாத்துக்கோ, அந்தக் கஞ்சப் பிசினாறி! பாட்டுக் குழு எல்லாம் சேந்து அம்பது. அவங்க கூரை ஒழுகுதில்ல, அதுக்கு. ஏன்டி இப்படிப் பாக்கற? வெஸ் உன்கிட்டச் சொல்லலியா?"

நூறு பங்குதான் இருக்க முடியும், இதுவே நூற்றுப் பதினைந்து. ட்ரூடி மற்றவர்களைப் பற்றி ஆரம்பிக்கவே இல்லை. மத்தியானத்திலிருந்து பார்த்த சிரிப்புகள் ஒவ்வொன்றும் இப்போது ஒரு விலைச் சீட்டோடு வந்து நின்றன.

பின்கட்டில், பீர் பீப்பாய்களுக்கு நடுவே, வெஸ்ஸைப் பிடித்தாள்.

"மொத்தம் எத்தனை வித்த?"

"மெதுவாப் பேசு, டார்லா."

"எத்தனைடா?"

"இருநூத்தி நாப்பது" என்றான் அவன், பீப்பாயைப் பார்த்துக்கொண்டு. "பத்துப் பங்கு இருபது டாலர்னு. எரிவாயுக்குத்தான் கட்டினேன். குடிச்சா அழிச்சேன்?"

"நான் ஜெயிச்சா மூவாயிரம். இவங்களுக்குக் குடுக்க வேண்டியது ஏழாயிரத்து இருநூறு. யார் குடுப்பா, உங்கப்பனா?"

"நீ எங்க ஜெயிச்ச இதுல? எட்டு வருஷமா அஞ்சாவது, ஆறாவதுன்னு எந்திரிச்சு வர்றவதான? அதை நம்பித்தான் செஞ்சேன்."

வெறும் திருட்டாக இருந்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். எட்டு வருஷமாக அவள் ஒவ்வொரு சீட்டாக யோசித்து ஆடியதையெல்லாம் சுவரோரம் நின்று பார்த்துவிட்டு, இவள் தேறமாட்டாள் என்று முடிவு கட்டி, அதன்மேல் பணம் வாங்கியிருக்கிறான். அவமானத்தில் அவள் காது சுட்டது.

"இப்ப எந்திரிச்சு வந்துட்டா ஒண்ணும் ஆகாது, கண்ணு" என்றான் வெஸ், கெஞ்சலாக. "நாலாவது எடத்துக்குப் பரிசு இல்ல. யாருக்கும் ஒரு பைசா குடுக்க வேண்டாம். மூணாவதா வந்தாக்கூட மாட்டிக்குவோம். தோக்கறது என்ன பெரிய வித்தையா? அந்த யோவிச்சோட மருமகன் ஷெரிஃப் ஆபீஸ்ல இருக்கான், தெரியுமில்ல? என்னை உள்ள வெச்சாங்கன்னா பிள்ளைக்கு என்ன சொல்லுவ?"

மணி அடித்தது. அவள் போய் உட்கார்ந்தாள்.

உண்மையை எழுந்து நின்று சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சொன்னால் இந்த ஊரில் வெஸ்ஸுக்குத் தோளோடு பெயரும் போய்விடும். அவளுக்குத் தெரியாது என்று யார் நம்புவார்கள்? ஒரே வீட்டில் ஒரே எரிவாயுவில் குளிர்காய்ந்தவள்தானே. ஜெயித்தால் ஜெயில், சொன்னால் சந்தி சிரிக்கும். தோற்றால் மட்டும் ஒன்றுமில்லை.

அசட்டுத்தனமாகத் தோற்கவும் முடியாது. முழுக் குவியலையும் வைத்து மோதும்போது இரண்டு பேரும் சீட்டைத் திருப்பிக் காட்ட வேண்டும் என்பது போட்டி விதி. குப்பைச் சீட்டை வைத்து மோதினால் டக் முதல் ஆளாகக் கண்டுபிடித்துவிடுவான். நல்ல சீட்டோடு தோற்க வேண்டும். அதற்கு எதிரில் அதைவிட நல்ல சீட்டு வேண்டும்.

பிரைஸ் வாயில் எப்போதும் ஒரு பல்குச்சியை உருட்டிக்கொண்டிருப்பான். பெரிய சீட்டு வந்தால் குச்சி நின்றுவிடும். அதை அவள் மதியமே கவனித்து வைத்திருந்தாள், ஜெயிப்பதற்காக. ஏழாவது ஆட்டத்தில் குச்சி நின்றது. அவன் பந்தயத்தை உயர்த்தினான். அவள் கையில் ஆஸும் ஒன்பதும். மற்ற எந்த நாளாக இருந்தாலும் சத்தமில்லாமல் சீட்டைக் கவிழ்த்துப் போட்டு விலகியிருப்பாள்.

"முழுக்க வெக்கிறேன்" என்றாள்.

பிரைஸ் இரண்டு ராஜாக்களைத் திருப்பினான். கூட்டம் "அய்யோ" என்றது. மேசையில் இருவருக்கும் பொதுவான ஐந்து சீட்டில் முதல் மூன்று விழுந்தன, அவளுக்கு ஒன்றும் உதவாதவை. நான்காவது சீட்டு ஒன்பது. மதுக்கடையே எழுந்து நின்றது. இன்னொரு ஒன்பதோ ஓர் ஆஸோ வந்தால் அவள் ஜெயித்துவிடுவாள்.

"ஆஸ்! ஆஸ்!" என்று ட்ரூடி நாற்காலியைத் தட்டினாள். யோவிச் கண்ணை மூடி முணுமுணுத்தார். பாட்டுக் குழுவின் பெண்மணிகள் மூவரும் கை கோத்து நின்றார்கள். அத்தனை பேரும் அவளுக்காக ஆண்டவனை வேண்டிக்கொண்டிருக்க, அவள் ஒருத்தி மட்டும் அவர்களுக்கு எதிராக வேண்டினாள். அவள் வாழ்க்கையில் அப்படி மனமுருகி வேண்டியதே இல்லை.

கடைசிச் சீட்டு நான்கு. அவள் குவியல் முழுவதும் பிரைஸிடம் போனது; பரிசில்லாத நான்காவது இடம்.

டார்லா அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள். அழுகிறாள் என்று நினைத்து ட்ரூடி ஓடிவந்து தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். டக் ஒரு கிளாஸ் விஸ்கி வைத்தான். "தைரியமா ஆடினம்மா, ரெண்டு ராஜா அவன்கிட்ட இருந்தா நீ என்ன பண்ணுவ" என்றார் யோவிச். தன் இருபத்தைந்து பங்கைப் பற்றி மூச்சு விடவில்லை. பாட்டுக் குழுவில் மூத்தவள் அவள் கன்னத்தைத் தட்டி, கூரை இன்னும் ஒரு குளிர்காலம் தாங்கும் என்றாள். ஒரு ஆளாவது திட்டியிருக்கலாம்.

வாசலுக்குப் போகும்போது ட்ரூடி பின்னாலேயே வந்து அவள் கோட்டுப் பையில் ஒரு இருபது டாலர் நோட்டைத் திணித்தாள்.

"அடுத்த மாசம் பக்கத்து ஊர் அனகோண்டாவுல ஆடுவல்ல? இப்பவே எனக்குப் பத்து. வேண்டாம்னு சொன்ன, அடிப்பேன். நீ இன்னிக்கு ஆடின ஆட்டத்துக்கு ஊரே வாங்கும்டி."

வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். டார்லா தலையை ஆட்டினாள்.

வண்டியில் வெஸ் சூடேற்றியை முழுக்கத் திருகிவிட்டுச் சிரித்தான். மூன்று மணி நேரத்தில் முதல் முறையாக அவன் முகத்துக்கு ரத்தம் வந்திருந்தது.

"என்னமா நடிச்ச! அந்த ஒன்பது விழுந்தப்ப எனக்கு உசிரே போயிருச்சு. சத்தியமா இதான் கடைசி, டார்லா. இனி உன்னைக் கேக்காம ஒரு பங்கு விக்க மாட்டேன்."

மலைமேல் பழைய சுரங்கக் கோபுரங்களின் சிவப்பு விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. டார்லா வெகு நேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். தொட்டியில் இருக்கும் எரிவாயு பிப்ரவரி பாதி வரைக்கும் வரும். அதற்கப்புறம் மார்ச் இருக்கிறது, இந்த ஊரில் ஏப்ரலும் குளிர்காலம்தான்.

"ட்ரூடிக்கு விக்காத" என்று அந்த இருபது டாலர் நோட்டை அவன் மடியில் வைத்தாள். "இந்தக் காசை அவகிட்ட ஏதாவது சொல்லித் திருப்பிக் குடுத்துரு. பாட்டுக் குழுவும் வேண்டாம்."

"அதான் சொன்னேனே, யாருக்குமே விக்க மாட்டே..."

"டக்குக்கும் யோவிச்சுக்கும் பத்துப் பங்கு முப்பது டாலர்னு சொல்லு. இருபதுக்குக் குடுக்காத."

வெஸ்ஸின் சிரிப்பு நின்றது. சாலையை விட்டுக் கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான். அவள் கையுறையைக் கழற்றி, சூடேற்றியின் முன்னால் விரல்களைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.