படத்தில் வேலாயுதம் சிரிக்கிற இடம்

நல்லம்மாளுக்குப் புருஷன் வேலாயுதத்தின் படம் ஒன்று வேண்டும். வருகிற ஞாயிறு மகன் இரத்தினத்துக்குக் கல்யாணம். தாலி கட்டி வீட்டுக்கு வந்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் செத்த தகப்பன் படத்தின் முன் விழுந்து கும்பிட வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள் கண்ணுகளா?

இருந்த படங்களை எழுபத்தொன்றாம் வருஷத்து வெள்ளம் கொண்டுபோய்விட்டது. படம் போட்ட அவருடைய அடையாள அட்டையை, அந்த ஐசியை, இறந்தபோதே சர்க்கார் ஆபீஸில் வாங்கிக்கொண்டார்கள். மிச்சம் ஒரு சினிமாதான்.

முன்னொரு காலத்தில் கிள்ளான் பக்கத்து எஸ்டேட்டுக்கு வெள்ளைக்காரர்கள் வந்து சண்டைப் படம் பிடித்தார்கள். ஜப்பான்காரன் காலத்தில் பாராசூட்டில் குதித்த சிப்பாய்களின் கதை. அடிபட்ட சிப்பாயைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆள் வேலாயுதம். படம் ஊருக்கு வந்த வேகத்திலேயே போய்விட்டது. பேர்கூட யாருக்கும் நினைவில்லை. இரத்தினம் கதையைச் சொல்லிக் கேட்டுக் கடை கடையாக ஏறி இறங்கி, பிரிக்பீல்ட்ஸ் வீடியோ கடையொன்றில் டேப்பைப் பிடித்துவிட்டான்.

ஸ்டூடியோக்காரர் தம்புசாமி வந்து, ஜன்னலைச் சாத்தி, டிவிக்கு எதிரே கேமராவை நிறுத்தினார்.

ரப்பர் மரங்களுக்கு மேலே பாராசூட்டுகள் வெள்ளை வெள்ளையாக விரிந்தன. குண்டு வெடித்தது. புகைக்குள்ளிருந்து வேலாயுதம் ஓடிவந்தார். கேமராவைப் பார்க்காதே என்று சொல்லியிருப்பார்கள். மனுஷன் நேராக அதைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"நிறுத்துடா!"

இரத்தினம் நிறுத்தினான். முகத்தின் குறுக்கே வெள்ளைக் கோடுகள் விழுந்து நடுங்கின.

"என்னடா, மூஞ்சில கோடு?"

"டேப் அப்படித்தாம்மா. நிறுத்துனா கோடு வரும்."

கொஞ்சம் முன்னால் நிறுத்தினால் புகை. கொஞ்சம் பின்னால் நிறுத்தினால் மரம். முகம் வரும் இடத்திலெல்லாம் கோடு.

"ஓடவிட்டே எடுத்துடுறேன்க்கா," என்றார் தம்புசாமி.

மறுநாள் கழுவிக் கொண்டுவந்த படங்களில் சிப்பாயின் பூட்ஸ் பளிச்சென்று இருந்தது. வேலாயுதத்தின் முகம் ஈரத்துணியால் துடைத்த மாதிரி இழுபட்டிருந்தது.

"இதுக்கா மாலை போடுறது?"

"அண்ணன் ஓடுறாருக்கா, நான் என்ன பண்றது? நிக்கிற ஆளுன்னா எடுத்துருவேன் லா!"

நல்லம்மாளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. கண்ணெதிரே இருக்கிறார், கைக்கு வரமாட்டேன் என்கிறார். வெள்ளத்தைத் திட்டினாள், டேப்பைத் திட்டினாள், ஓடுகிறவரையும் விடவில்லை. கடைசியில் கல்யாணத்தன்று காலையில் டிவிக்கே சந்தனம் குங்குமம் வைத்து மாலையைச் சார்த்திவிட்டாள்.

"எல்லாரும் சிரிப்பாங்கம்மா," என்றான் பட்டு வேட்டியில் நின்ற இரத்தினம்.

"சிரிக்கட்டும். உங்கப்பாவுந்தான் சிரிக்கிறாரு."

தாலி கட்டி எல்லாரும் வீட்டுக்கு வந்ததும் தம்புசாமி டேப்பை ஓடவிட்டார். பெண்ணும் மாப்பிள்ளையும் விழுந்தார்கள். எழுந்தபோது வேலாயுதம் போய்விட்டிருந்தார். வெள்ளைக்காரக் கேப்டன் ஒருவன் சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். வந்திருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"யாரைடா கும்பிட்டீங்க! தம்பி, திரும்பச் சுத்துங்க!"

மறுபடியும் விழுந்தார்கள். மறுபடியும் கேப்டன்.

மூன்றாம் தடவை மணப்பெண் இந்திரா விழவில்லை. கைகூப்பி, கண்ணை இமைக்காமல் நின்றாள். நல்லம்மாள் அதைக் கவனிக்கவில்லை. திரும்பி நின்று தம்புசாமியைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தை! மாமா என்னைப் பாத்துச் சிரிச்சாரு!"

நல்லம்மாள் வெடுக்கென்று திரும்பினாள். திரையில் புகைதான் இருந்தது.

"நான் பாக்கலையே! தம்பி, இன்னொரு தரம் போடுங்க."