துணியை எடுத்தவர் யார்?

வாருங்கள். கைவேலையைக் கீழே வைத்துவிட்டு வாருங்கள். காது மருத்துவரின் அறைக்கு வெளியே, நீளப் பலகையில், கால் தரையைத் தொடாமல் உட்கார்ந்திருக்கும் இந்த ஆறு வயதுச் சிறுமியைப் பாருங்கள். இடது காதைப் பொத்துகிறாள், திறக்கிறாள், மறுபடியும் பொத்துகிறாள். பொத்தினாலும் திறந்தாலும் ஒன்றாகவே இருக்கிறதே என்று அவள் முகம் குழம்புகிறது. அவளிடமிருந்து ஒன்றைப் பறித்திருக்கிறார்கள். பறித்தவரோ இந்நேரம் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, குற்றம் அவளுடையதே என்று வெள்ளைத் தாளில் எழுதிக்கொண்டிருக்கிறார். இந்த அநியாயத்தைக் கண்ணால் கண்டுவிட்டு, பிறகு உங்கள் வேலைக்குத் திரும்ப முடிந்தால் திரும்புங்கள்.

பக்கத்தில் இருப்பவள் அவளைப் பெற்றவள். மேடை போடும் இடமெல்லாம் ஒலிபெருக்கி கட்டுவது பதினோரு ஆண்டுகளாக அவள் தொழில். மைக்செட் அக்கா என்றால் நகரில் தெரியாதவர் இல்லை. மகளுக்கு ஊசி என்று பெயர் விழுந்ததற்கும் காரணம் உண்டு: எத்தனை இரைச்சலையும் துளைத்துக்கொண்டு வரும் மெல்லிய குரல் அவளுக்கு. தகப்பன் கடல் தாண்டி வேலைக்குப் போனவன். வாரத்துக்கு ஒரு முறை வெறும் குரலாக மட்டும் வீட்டுக்கு வருகிறவன். அந்தக் குரலைக் கைப்பேசியில் கேட்க ஊசி ஒப்புக்கொண்டதே இல்லை. "அப்பாவைப் பெரிய பெட்டியில போடும்மா" என்பாள். போட்டால் ஜன்னல் கம்பி அதிரும். "இப்பதான் அப்பா முழுசா வந்திருக்காரு" என்று பெட்டிமேல் சாய்ந்துகொள்வாள்.

பிற பிள்ளைகளுக்குப் பொம்மை எப்படியோ, இவளுக்கு ஸ்பீக்கர் அப்படி. வீட்டின் பின்னறையில் ஆம்ப்ளிஃபயர்களும் ஒயர்ச் சுருள்களும் ஈயப்பற்று வாசமும் நிறைந்திருக்கும். அங்கே, பெட்டியிலிருந்து கழற்றிய பழைய ஸ்பீக்கர் ஒன்றை மல்லாத்தி வைத்து, அதன் காகிதக் குழியில் சட்டைப் பொத்தான்களைப் போட்டு, தாயும் மகளும் பாட்டுப் போடுவார்கள். தாழ்ந்த ஒலிக்குப் பொத்தான்கள் எம்பிக் குதிக்கும். உயர்ந்த ஒலிக்கு இருந்த இடத்திலேயே நடுங்கும். முழங்குகிற பெரிய ஸ்பீக்கருக்கு ஊசி வைத்த பெயர் பெரியப்பா. அதற்கு மேலே கீச்சென்று பேசும் ஹாரனுக்குச் சித்தி.

"பெரியப்பா ஏம்மா இன்னிக்கு இருமுறாரு?"

"குழி ஓரம் கிழிஞ்சிருக்கு. ஒட்டணும்."

"சித்திக்கு ஒண்ணும் ஆகலையா?"

"சித்திக்கு என்னிக்கு என்ன ஆயிருக்கு? கத்திக்கிட்டேதான் இருக்கா."

இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் கற்பித்தவர் எவர், கற்றவர் எவர் என்று பிரித்துப் பார்க்க முடியாது. ஓர் ஆசையை இரண்டு பேர் சரிபாதியாகத் தின்றார்கள், அவ்வளவே.

இவர்களுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, பாட்டோ பேச்சோ அனுப்பாமல் விட்டால், உயிருள்ள பெட்டியிலிருந்து 'ஸ்ஸ்' என்று மெலிதாக ஓர் ஓசை வரும். அதை இவர்கள் மூச்சு என்பார்கள். நிகழ்ச்சிக்கு முன்னால் ஊசி ஒவ்வொரு பெட்டியிடமும் போய், காதை ஒட்டி வைத்து, "மூச்சு வருது" என்றோ "மூச்சு இல்ல" என்றோ தீர்ப்புச் சொல்வாள். அப்படி அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் பலகையின்மேல் ஒரு சாம்பல் நிறத் துணி போர்த்தியிருக்கும். துணி கிடந்தால் பெட்டியோரம் ஆள் இருக்கிறது என்று பொருள். எவர் கையும் பலகையைத் தொடக்கூடாது. உதவிக்கு வரும் வேலையாட்கள் அனைவருக்கும் இது தெரியும்.

குடியிருப்போர் நல மன்றத்தின் ஆண்டு விழா ஞாயிறு காலை பத்து மணிக்கு. மன்றச் செயலாளர் ஒன்பது மணிக்கே அரங்கில் வந்து நின்றார். மடிப்புக் கலையாத சட்டை, தோளில் மன்றத்தின் பட்டை. ஒலி எவ்வளவு பெரிதோ மன்றம் அவ்வளவு பெரிது என்று உறுதியாக நம்புகிறவர்.

"போன வருசம் எதிர்த் தெரு மன்றத்துக்காரன் போட்ட சவுண்டு எங்க வீட்டுச் சமையல்கட்டு வரைக்கும் வந்துச்சும்மா. நம்ம சவுண்டு அவன் படுக்கை வரைக்கும் போகணும். சொல்லிட்டேன்."

"முன்வரிசையில குழந்தைங்களும் உட்காருதுங்க சார். இந்த ஹாலுக்கு இதுவே அதிகம்."

"குழந்தைங்களுக்குச் சத்தம்னா பிடிக்கும்மா!"

துணியைத் தொட்டுப் பார்த்தார். "என்ன இது, பலகைக்குக் குளிருதா?"

ஊசி அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்: "துணி போட்டிருந்தா தொடக்கூடாது, மாமா. நான் பெட்டிகிட்ட இருப்பேன்."

அவர் உரக்கச் சிரித்தார். "அடேங்கப்பா, முதலாளியம்மா உத்தரவு!"

ஒன்பதே முக்காலுக்கு வலப்பக்கப் பெட்டி அடுக்கில் சித்தி பேசவில்லை. ஊசி காதை வைத்துப் பார்த்து, "மூச்சு இல்ல" என்றாள். தாய் துணியை இழுத்துப் பலகையை மூடிவிட்டு, அடுக்கின் பின்னால் புகுந்து ஒயர் முனையை அசைத்துப் பார்த்தாள். அரங்கு நிரம்பிக்கொண்டிருந்தது. சிறப்பு விருந்தினரின் வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. அவர் உள்ளே நுழையும்போது வாத்திய முழக்கம் அதிர வேண்டும் என்பது செயலாளரின் ஏற்பாடு. முழக்கம் அவருடைய கைப்பேசியில் இருந்தது. கைப்பேசி பலகையோடு இணைக்கப்பட்டிருந்தது. செட்டுக்காரி கண்ணில் படவில்லை. செயலாளர் துணியை உருவி எறிந்தார். மாஸ்டர் என்று எழுதிய, எல்லாப் பெட்டிகளையும் ஒருசேர ஏற்றி இறக்கும் நீளப் பொத்தானைக் கடைசிக் கோடுவரை தள்ளினார்.

பின்னால், இருட்டு இடுக்கில், ஒயர் முனை 'டக்'கென்று உட்கார்ந்தது.

"மூச்சு வந்துடுச்சும்மா!" என்றாள் ஊசி. அடுத்த நொடி, வியப்போடு: "பெரிய மூச்சும்மா!"

அந்தச் சொல் தாயின் நெஞ்சில் இடியாக இறங்கியது. மூச்சு பெரிதாக இருந்தால் மாஸ்டர் ஏறியிருக்கிறது. மாஸ்டர் ஏறியிருந்தால் துணி இல்லை. "விலகு!" என்று கத்த வாயைத் திறந்தாள், செயலாளரின் விரல் முந்திக்கொண்டது.

முழங்கிற்று. அரங்கின் கண்ணாடி அதிர்ந்தது. முன்வரிசை என்ன செய்தது தெரியுமா? கை தட்டியது! "இதுதான்யா சவுண்டு!" என்று ஒருவர் தொடையைத் தட்டிக்கொண்டார். அவருக்குப் பத்தடி தூரத்தில் ஒரு குழந்தை தரையில் சுருண்டு, வாய் திறந்து அழுதுகொண்டிருந்தாள். எந்த இரைச்சலையும் துளைக்கும் அந்தக் குரலை அன்று ஒருவரும் கேட்கவில்லை.

மருத்துவர் பெண்மணி, சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். "உள் நரம்புல அடி. மாத்திரை எழுதறேன். மூணு மாசம் பார்ப்போம். கொஞ்சம் திரும்பலாம். முழுசும் திரும்பும்னு என்னால சொல்ல முடியாது" என்றார்.

மறுநாள் மாலை பின்னறையில், பக்கத்தில் உட்கார்ந்து பேசும் அளவுக்கும் கீழே ஒலியை வைத்து, தாய் ஒரு பாட்டை ஓட விட்டாள். ஊசி கை நீளத் தூரத்தில் நின்று வலது காதைப் பொத்திக்கொண்டாள். வெகு நேரம் கேட்டாள்.

"பெரியப்பா இருக்காரு" என்றாள். பிறகு, "சித்தி இல்ல."

அதன்பின் அவள் அந்த அறைக்குள் வரவில்லை. சட்டைப் பொத்தான்கள் தொட ஆளின்றிக் கிடந்தன. கதவு திறந்திருந்தால் சுவரோரமாக ஒதுங்கி நடந்தாள். தாய்க்கு இதுதான் காதைவிடப் பெரிய அடியாக இருந்தது. காதுக்கு மருந்து இருக்கிறது. இதற்கு எவரிடம் போவது?

மூன்றாம் நாள் செயலாளர் வந்தார், பழக்கூடையும் ஒரு தாளுமாக. செட்டுக்காரியின் அண்ணன், அச்சகத்தில் பைண்டர், அப்போது வீட்டில் இருந்தார்.

"சும்மா ஒரு சம்பிரதாயம்மா. மன்றத்துல கேள்வி வந்தா காட்டறதுக்கு. ஒரே ஒரு கையெழுத்து" என்றார் செயலாளர்.

அவள் படித்தாள். 'உரிய மேற்பார்வையின்றிக் கருவிகளோடு விளையாடிய சிறுமி, தன் கவனக்குறைவால் ஒலிபெருக்கியில் காதை வைத்ததில்...'

"அடுத்த வருசமும் நீதான் செட்டு. நான் பொறுப்பு" என்று சேர்த்துக்கொண்டார்.

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "போட்டுடும்மா. பெரிய இடம். நான் அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன், பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு ஒயரும் பெட்டியும்னு. கேட்டியா நீ?"

"நானும் பொம்பளதான் அண்ணா. இந்த ஒயரும் பெட்டியும்தான் உன் பொண்ணு கல்யாணத்துக்கு மைக் கட்டுச்சு."

"அது வேற பேச்சு..."

"அதே பேச்சுதான்."

கதவோரத்திலிருந்து ஊசியின் குரல் வந்தது. இப்போதெல்லாம் கொஞ்சம் உரக்கவே பேசுகிறாள். தன் குரல் தனக்கே சரியாக எட்டுவதில்லை. "அம்மா, நான் தப்புப் பண்ணிட்டேனா?"

கேட்டீர்களா? ஆறு வயது! அடி வாங்கியவள் கேட்கிறாள். அடித்தவர் பழக்கூடையோடு உட்கார்ந்திருக்கிறார்! உலகத்தில் உள்ள அநியாயங்களுக்கெல்லாம் இதுதான் கடைசிக் கட்டம்: இழந்தவரையே வெட்கப்பட வைப்பது. காதைப் பறித்தவர்கள் அதோடு நின்றிருந்தால்கூட ஒருவேளை தாய் பொறுத்திருப்பாள். இப்போது அவர்கள் குழந்தையின் நிமிர்ந்த தலையையும் கேட்டு வந்திருக்கிறார்கள்.

செட்டுக்காரி தாளை மடியில் வைத்துக்கொண்டாள். "சார், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். துணியை யார் எடுத்தாங்க?"

"துணியா? தூசித் துணிம்மா அது! விருந்தினர் வாசல்ல நிக்கிறாரு, தூசித் துணிக்கு நான் பூஜை போடவா?"

"நான் சொன்னேனே, மாமா" என்றாள் ஊசி. "துணி இருந்தா தொடக்கூடாதுன்னு உங்ககிட்டதானே சொன்னேன். நீங்க சிரிச்சீங்க."

செயலாளர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். அண்ணன் அவரைப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்ப் பழக்கூடையை எடுத்துச் செயலாளரின் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

அவள் மகளை அருகே இழுத்து, வலது காதின் பக்கம் குனிந்தாள். "நீ ஒரு தப்பும் பண்ணல. சொல்ல வேண்டியதைச் சொன்னே, செய்ய வேண்டியதைச் செஞ்சே. தப்புப் பண்ணவங்க ரெண்டு பேர். ஒருத்தர் இங்க உட்கார்ந்திருக்காரு. இன்னொருத்தி நான்."

தாளைத் திருப்பி, அதன் முதுகில் எழுதினாள். 'பெட்டியில் காதை வைத்து மூச்சுப் பார்க்கும் பழக்கத்தை என் மகளுக்குப் பழக்கியவள் நான். ஒரு துணியை நம்பிக் குழந்தையைப் பெட்டியோரம் நிறுத்தியவள் நான். அது என் தவறு. அந்தப் பழக்கம் இன்றோடு ஒழிந்தது. துணியை எடுத்து, மாஸ்டரை முழுக்க ஏற்றி, முழக்கத்தைப் போட்டவர் மன்றச் செயலாளர். தொடக்கூடாது என்று என் மகள் அவரிடம் முன்பே சொல்லியிருந்தாள். அது அவர் தவறு. என் மகள் மீது தவறில்லை.' கீழே கையெழுத்திட்டாள். அதற்குக் கீழே 'நேரில் கண்டவர்கள்' என்று எழுதிக் கோடு போட்டு, இடம் விட்டாள்.

அடுத்த ஞாயிறு, மன்றத்தின் பொதுக்கூட்டத்தில், ஒலிவாங்கி இல்லாமல், வெறுங்குரலில் எழுந்து நின்று அதைப் படித்தாள். ஊசி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்வரிசையில் அன்று இருந்த அதே முகங்கள். துணியை உருவியதைப் பார்த்தவர்கள், பொத்தான் ஏறியதைப் பார்த்தவர்கள், கை தட்டியவர்கள். ஒருவர் காலணியின் வாரைச் சரிசெய்தார். ஒருவர் கைப்பேசியில் மூழ்கினார். தொடையைத் தட்டிய மனிதர், "நடந்தது நடந்துபோச்சு, விடும்மா" என்றார். நடவடிக்கைக் குறிப்பில் அவள் படித்தது ஏறவில்லை.

அந்தத் தாளை அவளே மன்ற வாசலில், அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டு வந்தாள். இரண்டு வாரம் ஆகிறது. நேரில் கண்டவர்கள் என்ற கோட்டுக்குக் கீழே ஒரே ஒரு கையெழுத்து இருக்கிறது. அன்று அரங்கைக் கூட்டிய துப்புரவுப் பெண்ணுடையது. நாற்பது நாற்காலிக்காரர்களுக்கு இல்லாத முதுகெலும்பு ஒரு துடைப்பக்காரிக்கு இருந்தது!

நீங்கள் நாற்காலிக்காரரா, அவளா? உங்கள் தெருவிலும் ஓர் அரங்கு இருக்கிறது. அங்கும் பெட்டிகள் மனித உயரத்துக்கு அடுக்கப்படும். அங்கும் குழந்தைகள் முன்வரிசையில் உட்கார வைக்கப்படுவார்கள். அங்கும் ஒருவர் இன்னும், இன்னும் என்று கையை உயர்த்துவார். அன்று கை தட்டாதீர்கள். எழுந்து நடந்து போய், ஒலியைக் குறை என்று சொல்லுங்கள். குறைக்காவிட்டால் குழந்தைகளைக் கையைப் பிடித்து வெளியே அழைத்து வாருங்கள். ஒரு குழந்தை விழுந்துவிட்டால், அது என்ன செய்தது என்று கேட்பதற்கு முன்னால், யார் கை எங்கே இருந்தது என்று கேளுங்கள். கண்டதைக் கண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். முழுப் பெயரையும் போடுங்கள்.