சிராங்கூனுக்கு ஒரு வாய்

மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் நான் நடந்த நடையைச் சேர்த்தால் தெம்பனிஸிலிருந்து தேக்காவுக்கு மூன்று முறை போய் வந்திருக்கலாம். உட்காரச் சொன்னாள் என் மகள் சுதா. சொன்னவளின் கால் ஆடிய ஆட்டத்தில் நாற்காலி வரிசையே குலுங்கியது.

பேத்தி இனியாவுக்கு ஒன்பது வயது. நடப்பதில்லை, பேசுவதில்லை, விழுங்குவதும் சிரமம். சாப்பாடு நுரையீரலுக்குள் போய் இந்த வருஷம் இரண்டு தடவை படுத்துவிட்டாள். வயிற்றில் துளையிட்டு உணவு செலுத்தும் குழாய் வைக்கலாம் என்றார் டாக்டர் இம்ரான். மாப்பிள்ளை பிரபாகர் சரி என்றுவிட்டார். சுதாவால் முடியவில்லை. ஊட்டுவதையும் விட்டால் தனக்கும் பிள்ளைக்கும் நடுவே என்ன மிச்சம் என்று கேட்டாள். நான் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தேன். அப்படி ஆனது சிங்கப்பூர் சரித்திரத்திலேயே முதல் தடவை.

இன்று ஒரு வேளைச் சாப்பாட்டை டாக்டர் நேரில் பார்க்கிறார். அவர் அறையில் சுதா டப்பாவைத் திறந்ததும் மீன் குழம்பு வாசம் ஆறு மாடிக்கும் பரவி, நோயாளிகளில் பாதிப் பேர் எழுந்து உட்கார்ந்தார்கள். குழைத்த சோற்றைக் கரண்டி நுனியில் எடுத்தாள். அப்பாவுக்கு ஒரு வாய், தாத்தாவுக்கு ஒரு வாய். சொந்தக்காரர்கள் தீர்ந்ததும் ரயில் நிலையங்கள்.

"சிராங்கூனுக்கு ஒரு வாய்."

இனியா இருமினாள். தலையைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டில் எவ்வளவு நேரமாகும் என்று டாக்டர் கேட்டார். அரை மணி என்றாள் சுதா.

"மூணு மணி நேரம்," என்றேன்.

"அங்கிள் எப்பவும் ஒண்ணைப் பத்தா சொல்வாரு லா," என்று சிரித்தபடி டாக்டர் சுதாவைப் பார்த்தார்.

சுதா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இல்ல டாக்டர். இது ஒண்ணைத்தான் அப்பா கூட்டிச் சொல்லல. அவ தலையத் திருப்புவா. நான் விடமாட்டேன்."

இருமல் அடங்கும்வரை இனியாவின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"குழாய் வச்சா வாயைப் பூட்டணும்னு இல்லம்மா," என்றார் டாக்டர். "விழுங்கப் பயிற்சி தர்றவங்க பார்த்து சரின்னா, நாக்குல ஒரு சொட்டு ருசி காட்டலாம். அவளுக்குப் பிடிச்சா மட்டும்."

"பிடிக்கலைன்னா?"

"தலையத் திருப்புறாளே, அதான் பதில்."

சுதா இனியாவின் வாயைத் துடைத்துவிட்டுச் சரி என்றாள்.

குழாய் வைத்துச் சில வாரங்களில் பயிற்சியாளரும் சம்மதித்தார். சுதா விரல் நுனியில் மீன் குழம்பைத் தொட்டு இனியாவின் உதட்டருகே கொண்டுபோனாள். தாத்தா பெயரைத்தான் முதலில் சொல்வாள் என்று நான் கழுத்தை ஜாலான் புசார் வரைக்கும் நீட்டிக்கொண்டு நின்றேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. இனியா தலையைத் திருப்புகிறாளா என்று காத்திருந்தாள்.

திருப்பவில்லை.

"இது இனியாவுக்கு," என்று நாக்கில் வைத்தாள்.

இனியாவின் புருவங்கள் ஏறிய வேகத்தைப் பார்த்தால் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கியே வெட்கப்பட்டிருக்கும்.