அழகிரிசாமி என்கிற பேர்

கோயமுத்தூர் கோர்ட்டில் கூண்டில் ஏற்றி, புருஷன் பேர் என்ன என்று கேட்டபோது கனகம் வாயைத் திறக்கவில்லை. அந்த ஆளை ஜெயிலுக்கு அனுப்பத்தான் பிராது கொடுத்து வந்திருக்கிறாள். ஆனாலும் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று தாய்வீட்டில் சொல்லி வளர்த்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பாவாத்தாள்தான் கீழேயிருந்து, "அழகிரிசாமிங்க" என்று எடுத்துக் கொடுத்தாள். குமாஸ்தா சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

அழகிரிசாமி கோயமுத்தூரை ஒட்டிய கணபதியில் லேத்துப் பட்டறை வைத்திருந்தான். கறுப்புச் சட்டைக்காரன். சாமி இல்லை, சாத்திரம் இல்லை என்று மேடை தவறாமல் பேசுவான். பேசட்டும், அதில் கனகத்துக்கு ஒரு வருத்தமும் இல்லை. வீட்டுப் பெருமாள் படத்தை அவன் பரணில் தூக்கிப் போட்டபோதுகூட அவள் சும்மாதான் இருந்தாள். பிள்ளை இல்லை என்று சாக்குச் சொல்லி, அதே மேடையில் ராமாமணி என்கிறவளோடு மாலை மாற்றிக்கொண்டானே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. ஐயர் இல்லாத சீர்திருத்தக் கல்யாணம் என்று ஊரே கைதட்டியது. ஒருத்தி இருக்க இன்னொருத்தியைக் கட்டினால் குற்றம் என்று புதுச் சட்டம் வந்திருப்பதைக் கேள்விப்பட்டு, கனகம் காதுத்தோட்டை விற்று வக்கீல் வைத்தாள்.

அவனுடைய வக்கீல் அலட்டிக்கொள்ளவே இல்லை. அக்கினி வளர்க்கவில்லை, ஏழடி நடக்கவில்லை. சாத்திரப்படி நடக்காதது கல்யாணமே ஆகாது, பிறகு குற்றம் எங்கே வந்தது என்று கேட்டார். சட்டம் அப்படித்தான் இருக்கிறது என்று மேஜிஸ்திரேட்டும் அவனை விட்டுவிட்டார். வாழ்நாளெல்லாம் எதை வைதானோ அதே சாத்திரம் அவனைக் கைதூக்கிவிட்டது. ராமாமணி அப்போது மாசமாக இருந்தாள். தன் கல்யாணம் கல்யாணமே இல்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லக் கேட்டு, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வராந்தாவில் அவன் மீசையைத் தடவிக்கொண்டே வந்தான்.

"வாரேன் கனகம். ஒனக்குச் சட்டமும் தெரியல, ஒரு எழவும் தெரியல."

கனகம் அவன் முதுகைப் பார்த்து, "அழகிரிசாமி" என்றாள்.

அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "அட, பேரெல்லாம் சொல்றே! பகுத்தறிவு வந்துபோட்டுதாட்ட இருக்குது."

அவளுக்கு எந்தப் பகுத்தறிவும் வரவில்லை. பேரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று முழுசாக நம்பினாள். நம்பியதால்தான் சொன்னாள்.

பீளமேட்டில் அண்ணன் வீட்டுப் பின்கட்டில் குடியேறி, மில்லுக்கு வேலைக்குப் போனாள். வாசல் கூட்டும்போது அந்தப் பேரைச் சொன்னாள். அடுப்பு ஊதும்போது சொன்னாள். மில்லின் இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்பதால் அங்கே வாய்விட்டே சொன்னாள். சொல்லச் சொல்ல நெஞ்சு குளிர்ந்தது. பார்க்க வந்த பாவாத்தாள் பதறிப்போனாள்.

"கழுத்துல தாலிய வெச்சுக்கிட்டு இப்படிச் சொல்லலாமா அம்மணி? பாவமில்லியா?"

"அதுக்குத்தானுங்க்கா தாலியக் கழட்டாம வெச்சிருக்கறேன். பொண்டாட்டி சொன்னாத்தானே பலிக்கும்?"

பாவாத்தாள் வாயில் என்ன தங்கும்? சேதி கணபதிக்குப் போய்விட்டது. முதலில் அவன் அதைக் கூட்டத்திலேயே சொல்லிச் சிரிக்க வைத்தானாம். பிறகு லேத்தில் விரல் மாட்டியது. அது ஆறுவதற்குள் மஞ்சள் காமாலை வந்து படுத்தான். அதற்குப் பிறகு அவன் அந்தக் கதையை யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வாசலில் வந்து நின்றான். பாதி ஆளாக இருந்தான். கறுப்புச் சட்டைக் கைக்குள்ளிருந்து தாயத்துக் கயிறு எட்டிப் பார்த்தது. அதை அவள் பார்ப்பதைக் கண்டதும் அவசரமாக உள்ளே தள்ளினான்.

"ராமாமணி கட்டிவிட்டா. எனக்கு இதுலயெல்லாம் நம்பிக்க இல்ல."

கனகம் கயிறு மறைந்த இடத்தையே பார்த்தாள்.

"கைக்கொழந்த இருக்குது அம்மணி. நிறுத்திக்க."

அத்தனை வருஷத்தில் அவன் அவளை அம்மணி என்று கூப்பிட்டதில்லை. தூணைப் பிடித்து நின்ற ராமாமணியின் முகம் அவளுக்கு ஒரு கணம் ஞாபகம் வந்தது.

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இதுவரைக்கும் எத்தன தடவ சொல்லியிருப்பே?"

"எண்ணலீங்க" என்றாள் கனகம், மரியாதை குறையாமல்.

அவள் மூச்சை இழுத்தாள். அவ்வளவுதான், அவன் இரண்டு உள்ளங்கைகளாலும் காதைப் பொத்தி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உச்சி வெயிலில் நின்றான்.