ஆளுநர் வாசித்த வரி

முதல்வர் ராஸ் மெக்காலம் பிரச்சாரப் பேருந்தோடு வந்திருந்தார். பேருந்தின் பக்கவாட்டில் அவருடைய முகம் ஆளுயரத்துக்குச் சிரித்தது. ஆளுநர் மாளிகை வாசலில் பனியை ஒதுக்கி வழிவிட்டிருந்த இடத்தை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது அது. பின்னால் டிவி வேன்கள்.

சட்டமன்றத்தைக் கலைக்க அவர் இன்னும் அனுமதியே கேட்கவில்லை. அதற்குள் பேருந்து. அவரைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் மாகாணத்தில் மன்னரின் பிரதிநிதியான துணைநிலை ஆளுநர், முதல்வர் கேட்டதை மறுத்து யாரும் பார்த்ததில்லை. முதல்வர் வருவார், காபி குடிப்பார், கையெழுத்தோடு போவார்.

நான் ஆர்னி ஃப்ரீசன். ஆளுநரின் தனிச் செயலாளர். இப்படிப்பட்ட சந்திப்புகளில் மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பது என் வேலை.

ஆளுநர் வெர்னா டைக், இந்தப் பதவிக்கு வருமுன் ஸ்டோனி க்ரீக் என்ற சின்ன ஊரின் மருத்துவமனையில் தலைமை நர்ஸ். அந்த ஊரில் பாதிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள். தங்கை இர்மா இன்னும் அங்கேதான் நர்ஸாக இருக்கிறார்.

மெக்காலம் விஷயத்துக்கு வந்தார். கட்சியிலிருந்து சிலர் எதிர்வரிசைக்குத் தாவிவிட்டார்கள். மறுநாள் நம்பிக்கை வாக்கெடுப்பு, தோற்பது நிச்சயம். அதற்குமுன் மன்றத்தைக் கலைத்துத் தேர்தல் அறிவிக்க வேண்டும். எதிர்க்கட்சித் தலைவி லினெட் பூஷேயால் ஆட்சி நடத்த முடியுமா என்று ஆளுநர் கேட்டார். ஆள்பலம் இருக்கிறது, ஆனால் அது உங்களுக்கு வேண்டாத விவகாரம் என்றார் முதல்வர். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“வெர்னா, சுத்தி வளைச்சுப் பேச வேணாம். லினெட் வந்தா முதல் வேலையா உங்க ஊர் ஆஸ்பத்திரிக்குப் பூட்டுப் போடுவா. சின்ன ஆஸ்பத்திரியெல்லாம் வீண் செலவுன்னு மேடைக்கு மேடை சொல்றா. எனக்குத் தேர்தல் கொடுங்க. உங்க ஆஸ்பத்திரி நிக்கும்.”

நான் எழுதுவதை நிறுத்தினேன். ஆளுநர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“போன தேர்தல் முடிஞ்சு பனிகூட உருகலை, ராஸ். ஆட்சி நடத்த இன்னொருத்தர் தயாரா இருக்கும்போது ஜனங்களை மறுபடி வரிசையில நிறுத்த எனக்கு நியாயம் இல்ல. முடியாது.”

“நியமனத்துல வந்த ஒரு நர்ஸ், ஓட்டு வாங்கி வந்தவனைத் துரத்திட்டாங்கன்னு வெளிய நிக்கிற டிவிக்காரங்ககிட்ட சொல்வேன்.”

“சொல்லுங்க. திருப்பிப் பேச எனக்கு உரிமை இல்லைன்னு உங்களுக்கே தெரியும்.”

ஆளுநர் மறுத்தால் முதல்வர் பதவி விலக வேண்டும் என்பது மரபு. விலகினார். சொன்னபடியே கேமராக்களிடமும் சொன்னார். பேருந்து பின்னுக்குப் போகும்போது சக்கரம் பனியில் சிக்கிக்கொண்டது. தோட்டக்காரர் மணல் அள்ளிப் போட்டுத்தான் கிளப்பினார்.

லினெட் பூஷே பதவியேற்றார். அடுத்தது மன்றத்தைத் திறந்து வைக்கும் உரை. அதை எழுதுவது அமைச்சரவை, வாசிப்பது ஆளுநர். ஒவ்வொரு திட்டத்தையும் ‘என் அரசு’ என்று தன் வாயால் சொல்ல வேண்டும். ஒரு கமாவைக்கூட மாற்றக் கூடாது. வாசிக்கும்வரை வெளியே மூச்சு விடக் கூடாது.

உரை முதலில் என் கைக்குத்தான் வந்தது. அதில் ஒரு வரியைப் படித்ததும் நேராக ஆளுநரிடம் போனேன். அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் தலைமை நீதிபதி வாசிக்கலாம், விதியில் இடமிருக்கிறது. “ஜலதோஷம்னு சொல்லிடலாம், மேடம்” என்றேன்.

“ராஸுக்கு முடியாதுன்னு சொன்ன அன்னைக்கு எனக்கு ஜலதோஷம் இல்லையே, ஆர்னி.”

திறப்பு விழாவன்று பார்வையாளர் மாடத்தில் இர்மா உட்கார்ந்திருந்தார். அக்கா சிம்மாசனத்தில் அமர்வதைப் பார்க்க, மருத்துவமனையில் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். ஆளுநர் பக்கங்களைப் புரட்டினார். சாலைகள், பள்ளிகள், கோதுமைக் காப்பீடு. பிறகு அதே குரலில்:

“என் அரசு, ஸ்டோனி க்ரீக் மருத்துவமனையை இந்த ஆண்டுக்குள் மூடும்.”

எதிர்வரிசையில் இருந்த மெக்காலம் நிமிர்ந்து மாடத்தைப் பார்த்தார். ஆளுநர் பார்க்கவில்லை. அடுத்த வரிக்குப் போனார்.

உரை முடிந்து வரவேற்பு. விருந்தினர்கள் வரிசையாக வந்து கை குலுக்கினார்கள். இர்மாவும் வரிசையில்தான் வந்தார்.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“ரெண்டு நாளா.”

“நேத்து போன்ல பெர்ரி பை சுட்டுக் கொண்டாரவான்னு கேட்டேன். கொண்டான்னு மட்டும் சொன்ன.”

“ஆமா.”

“நானூறு கிலோமீட்டர் காரை ஓட்டிட்டு வந்திருக்கேன்டி. இதைக் கேக்கறதுக்கு.”

பின்னால் வரிசை காத்திருந்தது. இர்மா கையுறையை மாட்டிக்கொண்டார்.

“ஊருக்கு வந்தா என் வீட்டுக்கு வராத, வெர்னா. கொஞ்ச நாளைக்கு.”

“சரி” என்றார் ஆளுநர்.

இர்மா நகர்ந்தார். அடுத்து நின்றவர் யாரோ ஒரு பள்ளி வாரியத் தலைவர். அவர் கையை நீட்டி, உரை நன்றாக இருந்தது என்றார். ஆளுநர் கை கொடுத்தார்.