ஒரு கரண்டிக் கடல்

அந்தக் கரையில் கடலை உறை ஊற்றித்தான் வைப்பார்கள். இருக்கிற கடலில் ஒரு கரண்டி எடுத்துத் தூக்குவாளியில் பத்திரப்படுத்தி, ராத்திரிச் சாப்பாடு ஆனதும் கரையில் ஊற்றிவிட்டு வந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பக்கம் போய் ஆட்டக் கூடாது. விடியும்போது கண்ணுக்கு எட்டிய மட்டும் புதுக் கடல் தோய்ந்திருக்கும். சித்திரையில் சீக்கிரம் தோயும். மார்கழியில் கரையோரம் சாக்குப் போட்டு மூட வேண்டியிருக்கும். ஒரு ராத்திரி ஊற்றாமல் விட்டால், இருக்கிற கடல் புளித்து, நீர்த்து, மறுநாள் மத்தியானத்துக்குள் போய்விடும்.

நானும் என் மனைவி உமையாளும் ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, இரண்டு பேர் உட்காரும் மஞ்சள் கயாக் ஒன்றை அதன் கூரையில் கட்டிக்கொண்டு, அந்தக் கரையோடு போய்க்கொண்டிருந்தோம். கனடாவிலிருந்து திரும்பி வந்த வருஷம் அது. காலையில் ஒரு ஊரின் கடலில் துடுப்புப் போடுவோம். வெயில் ஏறினால் அடுத்த ஊர். கடல் ஊருக்கு ஊர் தனி. எல்லையில் மெல்லிய ஏடு படிந்திருக்கும். கயாக்கின் மூக்கு அதைக் கிழிக்கும்போது, பின்னால் இருக்கும் உமையாள், "மன்னிச்சுக்கங்க" என்று பொதுவாகச் சொல்லிவைப்பாள். எல்லா ஊரிலும் கேரவனைப் பார்த்துவிட்டு எந்த நடிகர் வந்திருக்கிறார் என்று கேட்டார்கள். யாரும் இல்லை என்று தெரிந்த பிறகும் மீன்குழம்பு கொடுத்தார்கள்.

சிப்பிமுனைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்த மத்தியானம் அங்கே கடல் இல்லை. வெளியூர் மண்டபத்தில் நடந்த தங்கள் ஊர்க் கல்யாணத்துக்கு ஊரோடு போனவர்கள், தூக்குவாளியைச் சுத்தமாக மறந்துவிட்டிருந்தார்கள். திரும்பி வந்து திறந்தால் உள்ளே பூஞ்சை. உறை இல்லாத வீட்டில் செய்வதுபோல மிளகாய்க் காம்பு போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒரு குட்டைதான் தோய்ந்தது. அதில் வாய் வைத்த நாய் இன்னும் தும்மிக்கொண்டிருந்தது.

கரையில் நாகூராயி என்கிற பெண் செல்போனும் கையுமாக நின்றிருந்தாள். அவள் புருஷன் காத்தமுத்து, கல்யாணத்துக்கு வராமல் மீன் பிடிக்கப் போனவர். தூரத்தில் சேற்றுக்கு நடுவே அவர் படகு உட்கார்ந்திருந்தது. அதன்மேல் அவர் சின்னதாகத் தெரிந்தார்.

"சாப்புட்டியாய்யா?" என்று கேட்டாள்.

"என்னத்தச் சாப்புட? கல்யாணத்துல வடை போட்டாகளா?" போனில் அவர் குரல் எங்களுக்கும் கேட்டது.

"போட்டாக."

"எத்தனை தின்ன?"

"இப்ப அதுவா முக்கியம்?"

"பட்டினி கெடக்குறவனுக்கு அதுதான்டி முக்கியம். குடிக்கிற தண்ணியும் தீந்துபோச்சு. விடியிற மட்டும் பாப்பேன். அப்பறம் எறங்கி நடந்துருவேன்."

"என்ன வேணா செய்யி. நடந்து மட்டும் வந்துராத" என்றாள்.

கடலில் போனவர் கடலில்தான் திரும்ப வேண்டும். நடந்து வந்தால் அவர் வேறு ஆள். முகமும் குரலும் ஞாபகமும் அப்படியேதான் இருக்கும். ஆனால் புருஷன் என்று வீட்டுக்குள் விட முடியாது. குடிக்கத் தண்ணீர் கொடுத்து, எந்த ஊர் என்று மரியாதையாக விசாரிக்க வேண்டியதுதான்.

பக்கத்து ஊர் நெட்டித்துறையில் கடல் நன்றாகத் தோய்ந்திருந்தது. "எங்களுக்குக் குடுக்க மாட்டாக" என்றாள் நாகூராயி. "கல்யாணத்துக்கு அவகளுக்குப் பத்திரிகை வைக்கல. நீங்க வெளியூரு. கேட்டா இல்லைன்னு சொல்ல மாட்டாக. வெளக்கு வைக்கிறதுக்குள்ள போயிருங்க அண்ணே."

போனோம். உப்பளத்து நடுவில் ஒரு ஒற்றை ரோடு. கேரவன் அதில் ஆடி ஆடித்தான் போகும். எதிரே ஒரு உப்பு லாரி வந்ததால் பாதி தூரம் பின்னோக்கி வர வேண்டியதாயிற்று. நெட்டித்துறைக் கடலுக்கு அப்போது பொறுப்பாக இருந்தவர் பூங்காவனத்தம்மாள். நாங்கள் இறங்கும்போது அவர் வாசல் மாடத்தில் விளக்கை வைத்துவிட்டுத் தீக்குச்சியை உதறிக்கொண்டிருந்தார்.

"கடலா? வெளக்கு வச்சாச்சே தம்பி. வெளக்கு வச்சதுக்கு அப்பறம் தயிரு, உப்பு, கடலு மூணும் குடுக்கிறதில்ல. காலையில வாங்க."

"காலையில அவர் நடந்துருவாரும்மா" என்றாள் உமையாள்.

"யாரு?"

"சிப்பிமுனை காத்தமுத்து."

"பத்திரிகை வைக்காத ஊரு."

"ஆமாம்மா."

"வடையெல்லாம் போட்டாகளாம்ல?"

"போட்டாங்களாம்."

பூங்காவனத்தம்மாள் விளக்கைப் பார்த்தார். பிறகு எங்கள் கேரவனைப் பார்த்தார்.

"அதுக்குள்ள அடுப்பு இருக்கா?"

"இருக்கு" என்றேன்.

"கட்டிலு?"

"மடக்குக் கட்டில்."

"அப்ப வீடுதான். அங்க வெளக்கு வச்சாச்சா?"

"இன்னும் இல்லை."

"வைக்கலன்னா அங்க இன்னும் பொழுது சாயல."

கதவைத் திறந்து பார்த்தோம். சாயவில்லை. மடக்குக் கட்டிலின்மேல் சாயங்கால வெயில் விழுந்திருந்தது. பூங்காவனத்தம்மாள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு உள்ளே ஏறி, கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தன் கடலைத் தான் எங்கே வேண்டுமானாலும் கொண்டு போகலாம், கொடுப்பதைத்தான் வெளிச்சத்தில் கொடுக்க வேண்டும் என்றார். ஒரு காபி கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு எங்கள் டிபன் டப்பாவில் ஒரு கரண்டி ஊற்றினார். பச்சையும் நீலமுமாக, கெட்டியாக விழுந்தது.

"மிச்சத்தை எங்க கரையில ஊத்தச் சொல்லிட்டு நானும் வாறேன். பத்திரிகை வைக்காததுக்கு நாலு வார்த்தை கேக்கணும். வண்டில லைட்டைப் போட்றாதீக. போட்டா இங்கயும் பொழுது போயிரும், குடுத்தது செல்லாது."

உமையாள் ஓட்டினாள். வெளியே நன்றாக இருட்டியிருந்தது. எங்கள் ஜன்னல்களிலிருந்து சாய்வாக விழுந்த வெயிலில் ரோடு தெளிவாகத் தெரிந்தது. ரோட்டோரம் அடைந்திருந்த கோழிகள் எழுந்து மேயத் தொடங்கின. நாங்கள் கடந்ததும் மறுபடி அடைந்துகொண்டன. டப்பா ஆடாமல் இருக்க நான் அதை மடியில் வைத்திருந்தேன். மூடிக்கு அடியில் அலை வந்து வந்து மோதுவது விரலுக்குத் தெரிந்தது.

"ரொம்ப நன்றிம்மா" என்றேன்.

"எதுக்கு?"

"கடலுக்கு."

"ஒரு கரண்டிதானே" என்று ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

என் நன்றியை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. எனக்கு வெறுமனே உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. டப்பாவை அவரிடம் கொடுத்துவிட்டு, எழுந்து போய் இன்னொரு காபி போட்டேன். அதை வாங்கிக்கொண்டார்.

சிப்பிமுனையில் நாகூராயி ஓடி வந்து கதவைத் திறந்தாள். உள்ளே பூங்காவனத்தம்மாளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"பத்திரிகை வைக்கத் தெரியல, புருஷனைத் தொலைக்க மட்டும் தெரியுது" என்றார் பூங்காவனத்தம்மாள்.

"பத்திரிகை தீந்துபோச்சு மதினி."

"தீரும் தீரும். எங்க ஊருக்கு வரும்போது மட்டும் தீந்துபோகும்."

"மொதல்ல கடலை ஊத்துங்க மதினி. அப்பறம் திட்டுங்க."

"ரெண்டையும் சேத்தேதான் செய்வேன்" என்று திட்டிக்கொண்டே கரைக்குப் போய், திட்டிக்கொண்டே குனிந்து ஊற்றினார். எல்லோரும் சத்தம் போடாமல் திரும்பி நடந்தோம். அன்று சிப்பிமுனையில் யாரும் கதவை அடித்துச் சாத்தவில்லை.

விடியும்போது கடல் இருந்தது. அடியில் பழைய கடல் இல்லாமல் வெறும் சேற்றில் ஊற்றியது என்பதால் முழங்கால் ஆழத்துக்குமேல் தோயவில்லை. படகு மிதக்கப் போதாது, கயாக்குக்குப் போதும். முன்சீட்டைக் காலியாக விட்டு நான் மட்டும் போனேன். இன்னும் சரியாக இறுகாத கடல். துடுப்பை மெதுவாகப் போட்டு மெதுவாக எடுக்க வேண்டியிருந்தது. அப்படி ஒரு கடலில் என்னை நம்பி அனுப்பினார்களே என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

காத்தமுத்து படகின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். ஒரே மூச்சில் குடித்தார். படகிலிருந்து கரையை நோக்கிக் காலடித் தடங்கள் போயிருந்தன. தெளிந்த தண்ணீருக்கு அடியில், சேற்றில், அழியாமல் தெரிந்தன.

"ஒருத்தன் பொறுமை இல்லாம இருட்டோட எறங்கி நடந்துட்டான்" என்றார். "நான் இருந்துட்டேன். இதென்ன, வெளையாட்டுச் சாமானா?"

"கயாக்."

"கவுறுமா?"

"ஆடாம உட்கார்ந்தா கவுறாது."

"கடல்ல ஆடாம எப்புடிய்யா உட்கார்றது?" என்று கேட்டுக்கொண்டே ஏறி, ஆடாமல் உட்கார்ந்தார்.

நாகூராயி தண்ணீருக்குள் இறங்கி எதிரே நடந்து வந்தாள். கயாக்கின் மூக்கைப் பிடித்து நிறுத்தினாள். அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். கயாக்கையும் எங்கள் இருவரையும் சேர்த்துக் கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நான் துடுப்புப் போடவில்லை. போடக் கூடாது என்று தோன்றியது.

வீட்டுத் திண்ணையில் நடந்து வந்தவர் உட்கார்ந்திருந்தார். அதே முகம், அதே கட்டம் போட்ட கைலி, முழங்கால் வரை சேறு. நாகூராயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வாங்கண்ணே, காலைக் கழுவுங்க" என்று சொம்பை எடுத்து வைத்தாள். அவளோடு பிறந்தது நாலும் பெண்கள். மகளுக்குக் காது குத்த, மாமன் மடி இல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தார்கள். இப்போது ஒரு அண்ணன் வந்துவிட்டார். ஆசாரிக்கு ஆள் போயிற்று. "இதுக்காவது கூப்பிட்டீகளே" என்று பூங்காவனத்தம்மாள் தேங்காயை உடைத்தார். எங்களுக்கு முன்வரிசையில் இடம் போட்டார்கள்.

நடந்து வந்தவர் கிழக்கே பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குழந்தை அவர் மடியில் ஏறிக்கொண்டது. ஆசாரி கம்பியை எடுத்ததும் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டது.

"மாமா, வலிக்குமா?"

"எனக்குக் குத்துனப்ப வலிக்கல. ஒங்கப்பாதான் அழுதாரு" என்றார் அவர்.

காத்தமுத்து குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டினார்.